நடுவரின் சமையல்காரன் உடுப்பிட்டியில் சாப்பிட்டது

யாழ்ப்பாணத்தில் ஒரு வாரம் இருந்தேன். அந்த ஊர்ச் சாப்பாட்டை ஒரே ஒரு வேளைதான் சாப்பிட்டேன். அந்த ஒரு வேளையைப் பற்றி விசாரிக்க ஒரு காலைப்பொழுது முழுவதும் போயிற்று. என் சமையலைப் பற்றி இதுவரை யாரும் அவ்வளவு நேரம் பேசியதில்லை.

நான் சமையல்காரன். சென்னையில் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் வீட்டில் வேலை செய்கிறேன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. நாலு பேர் கூடிவிட்டால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பேருந்தில் இறங்க வேண்டிய இடம் வந்தாலும், வழி விடச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருகிற ஆள்.

நீதிபதிகள் ஓய்வு பெறும் நாளில் பெரிய விருந்து வைப்பார்கள். மறுநாள் காலையில் காவல்காரர் இருக்க மாட்டார், சுழல்விளக்குக் கார் இருக்காது, முன்னால் நடந்து வழி விலக்கும் டவாலியும் இருக்க மாட்டார். எங்கள் வீட்டில் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவன் கதவைத் திறந்த ஐயாவிடமே, “வீட்ல பெரியவங்க யாராச்சும் இருக்காங்களா?” என்று கேட்டான். அதன் பிறகு சிலருக்கு நடுவர் வேலை வரும். நீதிமன்றத்தில் காத்துக் கிடக்க முடியாத கம்பெனிகள் ஒரு பழைய நீதிபதியைப் பிடித்து, நீங்கள் சொல்வதே தீர்ப்பு என்று இரண்டு பக்கமும் எழுதிக் கொடுத்துவிடும். விசாரணை பெரிய ஓட்டல்களில் நடக்கும். நாங்கள், அதாவது ஓட்டுநர்களும் சாப்பாட்டுக் கூடை தூக்குபவர்களும், கீழே கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து எங்கள் ஐயாக்களின் பெருமையைப் பேசிக்கொள்வோம்.

“எங்கய்யாவுக்குத் துறைமுகக் கேஸு. அடுத்த வாரம் சிங்கப்பூர்.”

“எங்கய்யாவுக்கு மின்நிலையம்.”

என் முறை வந்தால் நான் செருப்பைப் பார்ப்பேன். எங்கள் ஐயாவுக்கு வந்தது பல்லாவரத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில் பாதியில் நின்றுபோன லிஃப்ட்.

காரணம் ஐயாவின் ஆசாரம். ஓட்டல் மேசையில் வைத்திருக்கும் புதினா மிட்டாயைக்கூட எடுக்க மாட்டார். தண்ணீர் பாட்டில் யார் செலவு என்று கேட்டு, இரண்டு தரப்பும் சரிபாதி என்று தெரிந்த பிறகுதான் மூடியைத் திருகுவார். இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு விசாரணை நடத்துவது வக்கீல்களுக்குச் சள்ளை. மெல்ல மெல்ல அழைப்புகள் குறைந்தன. போன வருடம் முழுக்க எங்கள் வீட்டுத் தொலைபேசி கல்யாணத்துக்கு அழைக்க மட்டுமே அடித்தது.

அப்போதுதான் யாழ்ப்பாணத்திலிருந்து இந்த அழைப்பு வந்தது. புத்தூரில் ஒரு கல்யாண மண்டபம். மைத்துனர்கள் இருவர் சேர்ந்து கட்டியது. ஒருவர் புத்தூர் சிவபாதம். மற்றவர் அவருடைய தங்கையைக் கட்டிய உடுப்பிட்டி தர்மலிங்கம். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் பிறந்தநாள் விருந்துக்கு மண்டபத்தில் மச்சம், அதாவது மீனும் இறைச்சியும், சமைக்க தர்மலிங்கம் விட்டுவிட்டார். சைவ மண்டபத்தில் அது எப்படி நடக்கலாம் என்று சிவபாதம் சமையற்கட்டைப் பூட்டினார். அங்கே தொடங்கியது, இனி மண்டபம் யாருக்கு என்பதில் வந்து நின்றது. உள்ளூரில் யாரை நடுவராக வைத்தாலும் அவர் ஒருவருக்குச் சித்தப்பாவாகவோ மற்றவருக்குச் சகலனாகவோ இருந்தார். தமிழ் தெரிந்திருக்க வேண்டும், சொந்தம் இருக்கக் கூடாது. தேடிய தேடலில் எங்கள் ஐயா அகப்பட்டார்.

கிளம்பும்போது ஐயாவின் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “பார்த்துக்கப்பா. இதுவும் கெட்டுதுன்னா அவரை அப்புறம் யாரும் கூப்பிட மாட்டாங்க. வீட்ல உக்காந்தே செத்துப் போயிடுவார்” என்றார். என்னை அழைத்துப் போவதே எதுவும் கெடாமல் இருக்கத்தான். யார் வீட்டுத் தண்ணீரும் ஐயாவின் வாயில் படாதபடி மூன்று வேளையும் நானே சமைத்துப் போட வேண்டும்.

முதல் நாள். இணுவிலில், கந்தசுவாமி கோயிலுக்குப் பக்கத்து ஒழுங்கையில், அதாவது சந்தில், வாடகை வீடு. வீட்டுக்காரர் பரமநாதன் ஓய்வுபெற்ற தபால் அதிபர். ஐயா வாசற்படி ஏறுமுன்பே அவரிடம், “வழக்குக்காரங்க ரெண்டு பேர்ல யாருக்காவது நீங்க சொந்தமா?” என்று கேட்டார்.

பரமநாதன் வேலியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். “புத்தூரார் என்ரை மனுசியின்ரை பெரியம்மாவின்ரை மருமகனுக்குத் தம்பி முறை.”

ஐயா எடுத்து வைத்த காலைக் கீழே இறக்கினார்.

“பொறுங்கோ. உடுப்பிட்டியார் என்ரை அக்காவின்ரை சம்பந்தி வீட்டிலை கலியாணம் கட்டின ஆக்களுக்குச் சொந்தம்.”

இரண்டு பக்கமும் ஒரே தூரம் என்றானதும் ஐயா படி ஏறினார். உடனே பரமநாதனின் மனைவி தேநீர் கொண்டுவந்தார். ஐயா கைகூப்பி மறுத்தார். அந்த அம்மாவின் முகம் விழுந்துவிட்டது.

“ஒரு தேத்தண்ணி குடிச்சால் நியாயம் மாறிப்போகுமே?” என்று பரமநாதன் என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியாததால் சிரித்தேன். தெரியாத கேள்வி எல்லாவற்றுக்கும் நான் அதைத்தான் செய்வேன்.

அன்று மாலை என் சாம்பாருக்குப் பருப்பு வேகவில்லை. கிணற்றுத் தண்ணீர் கடினமானது, சுண்ணாம்புப் பாறையில் ஊறி வருவது. நான் எத்தனை முறை கிளறினாலும் பருப்பு பாசிமணி மாதிரி தனித்தனியாகக் கிடந்தது. அடுத்த வீட்டிலிருந்து வறுத்த மிளகாய்த்தூளும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து கொதிக்கும் மணம் வந்துகொண்டே இருந்தது. ஐயா பருப்பைப் பற்களால் நசுக்கியபடி அந்தப் பக்கச் சன்னலைச் சாத்தச் சொன்னார்.

மறுநாள் மண்டபத்தைப் பார்க்கப் போனோம். நல்ல மண்டபம். எங்கள் ஊர் மண்டபங்களைப் போல வண்ணக் கண்ணாடியும் சரவிளக்குமாகக் கண்ணைக் குத்தாமல், காற்று வர விட்டிருந்தார்கள். வாயிற்கதவில் இரண்டு பூட்டுகள் தொங்கின. நெற்றி நிறைய விபூதியோடு உயரமான சிவபாதம் தன் பூட்டைத் திறந்து விலகி நின்றார். பிறகு குள்ளமாகப் பருத்த தர்மலிங்கம் மோட்டார் சைக்கிளில் இருந்து இறங்கிவந்து தன்னுடையதைத் திறந்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஐயா இருவரையும் நிறுத்திச் சொன்னார்: “எனக்கோ என் ஆளுக்கோ உங்க ரெண்டு பேர் வீட்லேர்ந்தும் ஒரு வாய்த் தண்ணிகூட வரக் கூடாது.” என் ஆள் என்றபோது எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் சாப்பாட்டுக் கூடையின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை விசாரணை இல்லை. ஐயா காகிதங்களைப் படிக்க உட்கார்ந்தார். நான் காய்கறி வாங்க யாழ்ப்பாணம் டவுனுக்குப் போனேன். சந்தையில் ஒரு வியாபாரியம்மா கத்தரிக்காய் நிறுத்துப் போட்டுவிட்டு, மேலே ஒரு கொத்துக் கறிவேப்பிலை இனாமாக வைத்தார்.

“அம்மா, நீங்க எந்த ஊர்? புத்தூரா, உடுப்பிட்டியா?” என்று கேட்டேன்.

“நான் கோப்பாய். ஏன் தம்பி, பொம்பிளை பாக்கிறியளோ?”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். காது சூடாகி, கறிவேப்பிலையையும் கத்தரிக்காயையும் விட்டுவிட்டு வெறும் பையோடு பஸ் நிலையத்துக்கு வந்துவிட்டேன்.

அங்கே கூட்டம் ஒரு பஸ்ஸை நோக்கி ஓடியது, நானும் ஓடினேன். எந்த பஸ் என்று யாரையும் கேட்கவில்லை. கேட்பதற்கு வாயைத் திறக்க வேண்டுமே. நடத்துநரிடம் நோட்டை நீட்டினேன், அவர் ஏதோ ஒரு சீட்டுக் கிழித்துத் தந்தார். பக்கத்து இருக்கையில் சிங்களம் பேசும் இளம் தம்பதி. சுற்றுலா வந்தவர்கள் போலிருந்தார்கள். அந்தப் பெண் கைபேசியில் இணுவில் கோயில் கோபுரத்தின் படத்தைக் காட்டி என்னவோ கேட்டாள். இந்த பஸ் அங்கே போகுமா என்பதாகத்தான் இருக்கும். நானும் அங்கேதானே போகிறேன், தலையைப் பலமாக ஆட்டினேன். வெளிநாட்டில் ஒருவருக்கு வழிகாட்டிவிட்ட பெருமையில் சற்று நிமிர்ந்துகூட உட்கார்ந்தேன்.

பஸ்ஸில் பாட்டு அலறியது. வெங்காயத் தோட்டங்கள், வாழை, புகையிலை, செம்மண். பிறகு திடீரென்று வீடுகள் தீர்ந்துபோய் இரண்டு பக்கமும் வெளியும் தண்ணீரும் வந்தன. காற்று பஸ்ஸையே தள்ளியது. இணுவிலுக்குப் போகும் வழியில் இவ்வளவு தண்ணீரை நான் பார்க்கவில்லை. தம்பதிகள் எழுந்து நடத்துநரிடம் கேட்க, அவர் கையை உயர்த்திக் கத்த, அந்தப் பையன் என்னைச் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னான்.

“அண்ணை, நீங்கள் சொல்லித்தான் இறங்காமல் இருந்தவையாம்” என்று நடத்துநர் எனக்கு மொழிபெயர்த்தார். “இது வல்வெட்டித்துறை பஸ். வல்லை வெளியும் தாண்டப் போகுது. நீங்கள் எங்கை போறீங்கள்?”

“இணுவில்.”

நடத்துநர் பாட்டை நிறுத்திவிட்டு முன்னால் பார்த்து உரக்கச் சொன்னார்: “டிரைவரண்ணை, வழி தெரியாத ஆள் வழி தெரியாத ஆளுக்கு வழி காட்டியிருக்கிறார்!”

பஸ் முழுவதும் சிரித்தது. ஒரு சந்தியில் எங்கள் மூவரையும் இறக்கிவிட்டார்கள். அது உடுப்பிட்டி என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தம்பதிகள் எனக்கு எதிர்த்திசையில் வேகமாக நடந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஓர் ஓட்டோக்காரர் வந்து நின்றார். “வருமாங்க?” என்ற என் பேச்சைக் கேட்டதும் அவருக்கு உற்சாகம்.

“இந்தியாவோ? கலியாண மண்டப வழக்குக்கு வந்த நீதவான் ஐயாவின்ரை ஆளோ நீங்கள்?”

“ஆமாங்க.”

“அப்ப ஏறுங்கோ. எனக்கு இடம் தெரியும்.”

எந்த இடம் என்று அவர் சொல்லவில்லை. எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. இரண்டு திருப்பம் திரும்பி ஒரு பெரிய இரும்புக் கதவின் முன்னால் இறக்கினார். உள்ளே பார்த்து, “அக்கா, இந்தியாவிலை இருந்து வந்த ஆள். வழி மாறிப்போனார். பசிக்களையாக் கிடக்கு” என்று கத்திவிட்டுப் போய்விட்டார். இது அவருடைய அக்கா வீடு போல, இங்கே இருந்தால் திரும்பிவந்து இணுவிலுக்கு ஏற்றிப் போவார் போல என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

ஐம்பது வயதுக்கு மேற்பட்ட அம்மா ஒருவர் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி வந்தார். “வாங்கோ தம்பி, வெயிலுக்கை நிக்காதேங்கோ. கை கழுவுங்கோ. வெள்ளிக்கிழமை, சைவந்தான்.”

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் “வேண்டாம்மா” என்று சொல்லியிருப்பான். அல்லது, “இது யார் வீடு?” என்றாவது கேட்டிருப்பான். நான் கை கழுவினேன்.

சிவப்பரிசி மாவில் அவித்த புட்டு. அங்கே பிட்டு என்கிறார்கள். எங்கள் ஊர்ப் புட்டைப் போலத் தொண்டையில் அடைக்கவில்லை. மேலே சொதி என்று மஞ்சளாகத் தேங்காய்ப்பால் ஊற்றினார். பொரித்த கத்தரிக்காய்க் குழம்பு, முருங்கையிலை வறை என்ற பொரியல், சம்பல் என்ற அரைத்த துவையல். வேகாத பருப்பை நாட்கணக்கில் தின்ற நாக்கு அது. தட்டு காலியாகுமுன் அடுத்த அகப்பை விழுந்தது. நான் பேசவில்லை. நான் பேசாததால் அந்த அம்மா பேசிக்கொண்டே இருந்தார். கடைசியில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒன்றை வெட்டி வைத்தார். இந்த ஊர்க்காரர்கள் அந்தப் பழத்தைப் பற்றிப் பேசுவதை அதுவரை மிகை என்று நினைத்திருந்தேன்.

கொட்டையைச் சப்பிக்கொண்டிருந்தபோது வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். இறங்கி உள்ளே வந்தவர் தர்மலிங்கம்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். என் முழங்கை வழியே மாம்பழச்சாறு ஒழுகியது.

“ஐயோ! மனோன்மணி, ஆரெண்டு தெரிஞ்சே சோறு போட்டனீ?”

“பசிச்சு வந்த ஆளை ஆரெண்டு கேட்டுப் போட்டோ சாப்பாடு போடுறது?” என்றார் அம்மா.

“அண்ணை, நீங்களாவது கேட்டிருக்கலாமே!” என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஐயாவின் மனைவி சொன்னது காதில் கேட்டது.

நான் இணுவிலுக்குப் போய்ச் சேருமுன் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. தர்மலிங்கம் பயந்துபோய்த் தன் சட்டத்தரணியிடம், அதாவது வக்கீலிடம், சொல்ல, அவர் எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கும் ஐயாவுக்கும் சொல்லிவிட்டார். ஐயா வாசலில் நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது.

“நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லணும். சிவபாதம் ஒரு வார்த்தை ஆட்சேபிச்சாலும் நான் விலகிக்கிறதுதான் முறை. நீ பெட்டியெல்லாம் கட்டி வை” என்றார்.

சனிக்கிழமை காலை. மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் மேசை போட்டிருந்தார்கள். ஐயா நடந்ததைச் சொன்னார். சிவபாதத்தின் சட்டத்தரணி எழுதித் தயாராக வைத்திருந்த ஆட்சேபனைக் கடிதத்தோடு எழுந்தார். கையெழுத்துப் போடுமுன் என்னை விசாரிக்க வேண்டும் என்றார். கூடத்தின் நடுவில் என்னை நிறுத்தினார்கள். இரண்டு குடும்பத்து ஆட்களும் பின்னால் இருந்தார்கள்.

“நீர் அங்கை என்ன சாப்பிட்டனீர்?”

“புட்டுங்க.”

“எத்தனை தரம் போட்டவை?”

“மூணு தரம்.”

“வேண்டாம் எண்டு சொன்னீரோ?”

“சொன்னேங்க.”

“என்னெண்டு சொன்னனீர்?”

“மனசுக்குள்ள.”

பின்னால் யாரோ இருமினார். ஐயா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது சிவபாதம் உட்கார்ந்தபடியே ஒரு கேள்வி கேட்டார். “மச்சமோ?”

“இல்லீங்க. வெள்ளிக்கிழமை சைவம்னு முதல்லயே சொன்னாங்க.”

சட்டத்தரணி விடவில்லை. “வழக்கைப் பற்றி என்ன கதைச்சவை?”

“வழக்கைப் பத்தி ஒண்ணும் பேசலைங்க.”

“அப்ப அவ்வளவு நேரமும் என்ன கதைச்சவை? ஒண்டும் மறைக்காமல் சொல்லும்.”

மறைக்க எனக்குத் தெரியாது. பயத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். முருங்கை மரத்தில் மயிர்க்கொட்டி என்கிற கம்பளிப்பூச்சி வந்தது, மூத்த மகள் கனடாவில் குளிரில் கஷ்டப்படுவது, எல்லாவற்றையும். “அப்புறம், அவங்க அண்ணனும் என்னை மாதிரியேதானாம். பசிச்சாலும் கேக்கவே மாட்டாராம். தட்டைப் பார்த்து நாமதான் போடணும், போதும்னு சொல்லுவார், அதை நம்பக் கூடாதுன்னு சொன்னாங்க. சொல்லிக்கிட்டேதான் மூணாவது தரம் போட்டாங்க. ரெண்டு வருஷமா வீட்டுப்பக்கம் வரலையாம். இப்ப யார் பார்த்துப் போடுறாங்களோன்னாங்க. எனக்கு அது யாருன்னு அப்போ தெரியாதுங்க.”

சிவபாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் தர்மலிங்கம் வெளியே பார்த்தார்.

சட்டத்தரணி கடிதத்தையும் பேனாவையும் சிவபாதத்தின் முன்னால் வைத்தார். “இதிலை கையெழுத்து வையுங்கோ, அண்ணை.”

சிவபாதம் அதைத் தள்ளி வைத்தார். “என்னாலை வைக்கேலாது.”

“அண்ணை, இது நல்ல காரணம். நடுவரின்ரை ஆள் எதிராளி வீட்டிலை...”

“மண்டபம் எனக்குத்தான் வேணும். அதிலை மாற்றமில்லை. அதுக்கு எவ்வளவு வேணுமெண்டாலும் கதையும். ஆனால் என்ரை தங்கச்சி போட்ட சாப்பாட்டிலை பிழை எண்டு நான் கையெழுத்து வைக்க மாட்டன். இரும்.”

சட்டத்தரணி உட்கார்ந்தார். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், நெடுநேரம் துடைத்தார். பிறகு, “ஆட்சேபனை இல்லைன்னு பதிவு செய்யுங்க. முதல் சாட்சியைக் கூப்பிடுங்க” என்றார். நான்தான் முதல் சாட்சியோ என்று அங்கேயே நின்றேன். எங்களோடு வந்திருந்த பரமநாதன் என் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனார்.

அன்று மாலை வரை விசாரணை நடந்தது. மைத்துனர்கள் அப்போதும் பேசிக்கொள்ளவில்லை. பூட்டுகளும் இரண்டாகவே இருந்தன. அதற்கு மறுநாளும், அதற்கு அடுத்த நாளும் ஐயா கேட்டார், எழுதினார், விசாரணையை முடித்துக்கொண்டார். தீர்ப்பைச் சென்னையிலிருந்து எழுதி அனுப்புவதாகச் சொன்னார்.

திரும்பும் நாள், பலாலி விமான நிலையத்துக்குப் போகும் வழியில் வேனை ஒரு பனை நிழலில் நிறுத்தி எலுமிச்சைச் சாதத்தைத் திறந்தேன். ஐயா ஒரு வாய் எடுத்தார். மென்றார். இன்னும் கொஞ்ச நேரம் மென்றார்.

“மூணு தரமா?” என்றார்.

“ஆமாங்கய்யா.”

“அந்த வக்கீல் நல்லாத்தான் விசாரிச்சான். ஒரு கேள்வியை விட்டுட்டான்.”

“என்னங்கய்யா?”

ஐயா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “எப்படி இருந்துச்சுன்னு கேக்கவே இல்லை.”

ஊர் கூடிய சபையில் மறைக்காமல் எல்லாம் சொன்னவன் நான். ஆனால் நடுவர் இன்னும் தீர்ப்பு எழுதவில்லை. பாத்திரத்தை மூடினேன்.

“தீர்ப்பு எழுதி முடிங்கய்யா. அப்புறம் சொல்றேன்.”